மாலை ஏழு மணிக்கு ஒரு கதவு திறந்திருக்கட்டும்

சிங்கப்பூரில் உள்ள கோயில் நிர்வாகக் குழுவினருக்கும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போதைப்பொருளுக்கு எதிராக நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. செய்கிறீர்கள். பேச்சுப்போட்டி வைத்தால் அதில் ஒரு தலைப்பு போதை ஒழிப்பு. கலைநிகழ்ச்சிக்கு நடுவே ஒரு குறுநாடகம். கடைசிக் காட்சியில் பையன் செத்துக் கிடப்பான், அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவாள், எல்லாரும் கைதட்டுவோம். மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்து பேசுவார். பிறகு பதாகைக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வீர்கள். இதெல்லாம் இன்னும் போதையைத் தொடாத பிள்ளைகளுக்கு. நல்ல காரியம்தான், நடக்கட்டும்.

தொட்டு, விழுந்து, உள்ளே போய், திரும்பி வந்தவனுக்கு உங்களிடம் என்ன இருக்கிறது? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அப்படித் திரும்பி வந்த ஒருவனுக்கு நான் அக்கா. தம்பிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒரு தடவைக்கு மேல் போதை மறுவாழ்வு நிலையத்தில் இருந்தவன். இப்போது ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுக்கா, என் பேரு மட்டும் வேணாம்" என்றான். அதனால் அவன் பெயர் இதில் இல்லை, என் பெயரும் இல்லை. நான் குறைப்பட்டுக்கொள்ளப் போகும் கோயிலின் பெயரும் இல்லை.

உங்கள் குழுவில் பலருக்கு வெளியே வந்தபின் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்காது. எங்களுக்கும் வீட்டில் நடக்கும்வரை தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

2019இல் சட்டம் மாறியது. போதைப்பொருள் உட்கொண்டதைத் தவிர வேறு குற்றம் எதுவும் செய்யாதவர் மூன்றாவது முறையாகவோ அதற்கு மேலோ பிடிபட்டாலும், அவரை நீண்டகாலச் சிறைக்கு அனுப்பாமல் மறுவாழ்வு நிலையத்துக்கே அனுப்பலாம் என்று ஆனது. அதற்கு முன்பு மூன்றாவது முறை என்றால் குறைந்தது 5 ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு. இது பெரிய மாற்றம். அதே சமயம், வெளியே வந்தபின் இருக்கும் கண்காணிப்புக் காலம் 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டுவரை நீண்டது. அதாவது, உள்ளே ஓர் ஆண்டு இருந்துவிட்டு வந்தவன் அதைப்போல் பல மடங்கு காலம் வெளியே சோதனையில் இருக்க வேண்டும். தூக்குத்தண்டனை வேண்டுமா வேண்டாமா, சட்டம் கடுமையா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் கவலை இந்த ஐந்து ஆண்டைப் பற்றியது.

அந்தக் கண்காணிப்புக் காலத்தில் யூரின் டெஸ்ட் உண்டு. தொடக்கத்தில் அடிக்கடி, வாரத்துக்கு இரண்டு முறைகூட வரலாம். ஒழுங்காக இருந்தால் போகப்போகக் குறையும். போகத் தவறினால் குற்றம். போய்விட்டுச் சிறுநீர் கொடுக்காவிட்டாலும் குற்றம். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். என் தம்பிக்குப் பதற்றம் வந்தால் சிறுநீர் வராது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்வான். பேருந்தில் பாதியைக் குடித்துவிடுவான், மீதியை அங்கே போய்க் குடிப்பான், அப்புறமும் உட்கார்ந்திருப்பான். அவன் தவறு ஒன்றும் செய்யவில்லை, முடிவு சுத்தமாகத்தான் வரும், அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உள்ளங்கை வேர்க்கிறது என்பான்.

அம்மா வீட்டில் கசகசா வாங்குவதே இல்லை. அது அபினிச் செடியின் விதை, யூரின் டெஸ்ட்டில் மார்ஃபின் காட்டிவிடலாம் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து குருமாவுக்கு முந்திரியும் தேங்காயும்தான். இங்கே கசகசாவைக் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு என்றாலும், ஊருக்குப் போய் வருகிறவர்கள் பையில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உறவினர் வீட்டு விருந்தில் தம்பி தட்டைத் தொடுவதற்குமுன் அம்மா சமையலறைக்குள் போய் "குருமாவுக்கு என்னம்மா அரைச்சீங்க?" என்று ருசி விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டு வருவார். இருமல் மருந்து வாங்கினால் கோடீன் இருக்கிறதா என்று மருந்துக்கடையில் கேட்டுத்தான் வாங்குவோம். இப்படித்தான் ஒரு குடும்பம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. இதில் யாருக்கும் விருது கிடையாது.

அடுத்தது, "விட்டுட்டான்ல, அப்புறம் என்ன?" என்ற கேள்வி. போதைப்பழக்கம் காய்ச்சல்போல் ஒருநாள் விட்டுப்போவது கிடையாது. உடம்பை விட்டு அது சில நாளில், சில வாரத்தில் போய்விடும். மூளை பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும், சிலருக்கு அதற்கும் மேலாகும். அதுவும் ஐஸ் எனும் மெத்தாம்பெட்டமின் எடுத்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் எதிலுமே சந்தோஷம் தெரியாது. பிடித்த சாப்பாடு, பந்து விளையாட்டு, சினிமா எதுவும் ஒட்டாது. தம்பியும் அப்படித்தான் இருந்தான். அவனுக்குப் பிடித்த நண்டு வாங்கி வைத்தோம், மரியாதைக்காகச் சாப்பிட்டான். நாங்கள் அதைத் திமிர் என்று நினைத்தோம். பிறகு ஓர் ஆலோசகர் விளக்கிச் சொன்னார்.

சிறைத்துறை வெளியிடும் கணக்கில், எல்லா வகைக் குற்றங்களையும் சேர்த்து, விடுதலையாகி 2 ஆண்டுக்குள் திரும்ப உள்ளே போகிறவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 5 ஆண்டுவரை எண்ணினால் மூன்றில் ஒருவருக்கு மேல். முதல் கணக்கைத்தான் எல்லாரும் மேடையில் பெருமையாகச் சொல்கிறார்கள். மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் பெருமைதான். இரண்டாவது கணக்கு சொல்வது வேறு. மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டிலும் ஆள் விழுகிறான். அந்நேரம் வீட்டில் எல்லாருக்கும் அலுத்துப்போயிருக்கும், பக்கத்தில் நிற்க ஆள் குறைந்திருக்கும். ஹெராயின் எடுத்தவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பல மாதம் தொடாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒரே ஒரு தடவை என்று பழைய அளவையே எடுத்தால் உயிரே போய்விடலாம்.

மக்கள்தொகையில் இந்தியர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவுதான். போதைப்பொருள் தொடர்பாகக் கைதாகிறவர்களில் நம் பங்கு அதைவிடக் கூடுதல். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியும் என்பதால்தான் பேச்சுப்போட்டி எல்லாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

திரும்பி வந்தவனின் நாளில் பெரும்பகுதியை அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது. சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு மறுவாய்ப்பு கேட்கும் மஞ்சள் நாடா இயக்கம் 2004இல் தொடங்கியது. அதன் பெயரில் இயங்கும் அமைப்பு வேலை தேடிக் கொடுக்கிறது, பயிற்சி கொடுக்கிறது. போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கமான சானா 1972லிருந்து இருக்கிறது. ஆலோசனையும் குடும்பங்களுக்கு உதவியும் தருகிறது. இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆசிரமம் இருக்கிறது. தண்டனையின் கடைசிப் பகுதியை அங்கே தங்கி, பகலில் வேலைக்குப் போய், இரவு குறித்த நேரத்துக்குள் திரும்பி, வழிபாடு, யோகா, ஆலோசனை என்று கழித்து வந்தவர்கள் பலர். அதை நடத்துகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பகல் வேலையில் போய்விடும், டெஸ்ட்டுக்குப் போகிற நாள் டெஸ்ட்டில் போய்விடும்.

மாலை என்ன செய்வது?

இதை நான் சும்மா கேட்கவில்லை. ஆறரை மணிக்கு வேலை விட்டு வருவான். குளிப்பான், சாப்பிடுவான். ஏழு, ஏழரை. அதற்குப்பின் படுக்கும்வரை நான்கு மணி நேரம் இருக்கிறது. அம்மா தொடர் பார்ப்பார். நான் தாதி, பாதி நாள் இரவு வேலை. அவன் வயதுக்காரர்களில் நல்லபடி இருப்பவர்கள் கல்யாணமாகிப் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவனைத் தேடி வருவது யார் தெரியுமா? பழைய கூட்டாளிகள். அவன் கைப்பேசி எண்ணை மாற்றினான்; எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். "எங்கடா இருக்க? கீழ வா, தே குடிக்கலாம்." அவ்வளவுதான் கேட்பார்கள். எடுத்த எடுப்பில் யாரும் சாமான் வேண்டுமா என்று கேட்பதில்லை. எங்கள் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை. அங்கே அவனுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். எத்தனை நாள் உள்ளே இருந்தாய், இப்போது ஒழுங்காக இருக்கிறாயா, எப்போது கல்யாணம் என்று யாரும் நச்சரிப்பதில்லை. சிரித்துப் பேசுகிறார்கள், தேத்தண்ணிக்குக் காசு கொடுக்கிறார்கள்.

அவன் இதுவரை பெரும்பாலும் கீழே போகவில்லை. "பெரும்பாலும்" என்றுதான் என்னால் எழுத முடியும். சன்னலுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

நம்மவர்கள் அவனை எப்படி நடத்துகிறோம் என்று இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டில் ஓர் அத்தை அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாமா ஒருவர் தோளில் கைபோட்டு, ஊருக்கே கேட்கும்படி, "இப்ப எல்லாம் சரிதானே?" என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணமே இல்லை, ஆனால் மேசையில் இருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தம்பி உள்ளே இருந்த காலத்தில் அம்மா வெள்ளிக்கிழமைக் கோயிலையே நிறுத்திவிட்டார். கேட்பவர்களிடம் "ஜோகூர்ல வேலை" என்று சொல்லியாகிவிட்டது. பக்கத்து மலேசியாவில் இருக்கும் ஜோகூர் என்ன அமெரிக்காவா, பொங்கலுக்கும் வர முடியாத அளவுக்கு? பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைவிடப் போகாமல் இருப்பது மேல் என்று வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டார். இப்படி எத்தனை பிள்ளைகளுக்கு நம் சமூகத்தில் ஜோகூரில் வேலையோ!

இனி அந்தக் கோயில் கதை.

அவன் வெளியே வந்து சில மாதம் ஆனபிறகு ஒரு கோயிலில் அன்னதானத்துக்குத் தொண்டூழியம் செய்யப் போனான். யாரும் அனுப்பவில்லை, தானாகப் போனான். ஞாயிறு காலையில் போய்ப் பூசணிக்காய் நறுக்குவான், வெங்காயம் உரிப்பான், சாம்பார் அண்டாவை இரண்டு பேராகத் தூக்கி இறக்குவார்கள். பந்தி முடிந்ததும் அண்டாக்களைக் கழுவுவதுதான் பெரிய வேலை. அடியில் பிடித்ததை அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்க்க வேண்டும். மற்றவர்கள் நழுவுகிற வேலை அது. இவன் கேட்டு வாங்கிச் செய்தான். மத்தியானம் வீட்டுக்கு வரும்போது சட்டை முழுக்க நனைந்திருக்கும், கையில் சோப்புப் புண். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. அங்கே அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இவனைத் "தம்பி, உப்புப் பார்த்துச் சொல்லு" என்று கூப்பிடுவாராம். அதை வந்து அம்மாவிடம் பெரிய பதவி கிடைத்ததுபோல் சொல்வான்.

யாரோ ஒருவருக்கு இவனை அடையாளம் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு போனபோது, இந்த வாரம் ஆள் போதும் என்றார்கள். அதற்கடுத்த வாரமும் அதே பதில். பிறகு தொண்டூழியர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து பெயர் போய்விட்டது. நான் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. உண்டியல் இருக்கிற இடம். பிள்ளைங்க வர்ற இடம். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா கமிட்டிதான் பதில் சொல்லணும்." அவர் நிலையில் இருந்து பார்த்தால் அதுவும் ஒரு நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உண்டியல் இருப்பது முன்மண்டபத்தில். இவன் நின்றது பின்கட்டில், அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கோபம்கூடப் படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை போகும் காவடிகளில், "இனி தொட மாட்டேன் முருகா" என்று நேர்ந்துகொண்டு எடுக்கும் காவடியும் உண்டு. எனக்குத் தெரிந்தே உண்டு. அன்றைக்கு வழியெல்லாம் அவனுக்கு வேல் வேல் என்று குரல் கொடுக்கிறோம், காலில் தண்ணீர் ஊற்றுகிறோம். அலகைக் கழற்றிய மறுநாள் அவனுக்கு அதே கோயிலில் ஒரு வேலை கொடுக்க நமக்குக் கை வரவில்லை என்றால் எப்படி?

என் அம்மாவுக்கும் ஒரு தம்பி இருந்தார். அவர் காலத்தில் ஹெராயின். பிறகு அதை விடுவதற்கு மருந்து என்று 2002 வாக்கில் சுபுடெக்ஸ் வந்தது. கிளினிக்கில் மருத்துவர் எழுதிக் கொடுப்பார். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டிய மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார்கள். 2006இல் அரசாங்கம் அதையும் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. மாமா ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனார், அதையும் விட்டார், பிறகு குடித்தார். இப்போது அவர் இல்லை. இளசுகளிடம் இப்போது கேபாட், அதாவது போதைப்பொருள் கலந்த மின்சிகரெட். அதில் இருக்கும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து 2025 செப்டம்பர் 1 அன்று போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. சாமானின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. மாமாவுக்கும் ஏழு மணிக்குமேல் போக ஓர் இடம் இருந்ததில்லை.

மலாய்-முஸ்லிம் சமூகத்தைப் பாருங்கள். ஃபித்ரா என்று ஒரு முயற்சி அவர்களிடம் இருக்கிறது. பள்ளிவாசல்கள் வழியாகத் தொண்டூழியர்களைச் சேர்த்து, சிறையில் இருப்பவர்களோடும் வெளியே இருக்கும் அவர்கள் குடும்பங்களோடும் பழக வைக்கிறார்கள். வெளியே வருகிறவனுக்குப் பள்ளிவாசலில் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது. நம்மிடம் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது, நற்பணிப் பேரவை இருக்கிறது, இவ்வளவு கோயில்களும் சங்கங்களும் இருக்கின்றன. இல்லாதது பணமோ இடமோ அல்ல என்று நினைக்கிறேன். கோயில் மண்டபத்தில் வார நாள் மாலையில் மின்விசிறி யாருக்காகச் சுற்றுகிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள்.

இன்னொரு திட்டம், இன்னொரு நிலையம் எங்களுக்கு வேண்டாம். அங்கெல்லாம் போனால் அவனுக்கு ஒரு கோப்பு இருக்கும், ஒரு எண் இருக்கும். அதுவும் தேவைதான், அது அவர்கள் வேலை. கோயிலில்தான் அவன் உப்புப் பார்த்துச் சொல்லும் ஆளாக இருந்தான்.

அதனால் நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு மாலை, ஏழிலிருந்து பத்துவரை, மண்டபத்தையும் அடுப்படியையும் திறந்து வையுங்கள். தேநீர் போடுங்கள், ஏதாவது ஒரு பலகாரம் செய்யுங்கள். வருகிறவர்களையே செய்ய விடுங்கள். திரும்பி வந்தவர்களும் வரட்டும், அவர்கள் வீட்டாரும் வரட்டும், கோயிலுக்கு வழக்கமாக வருகிறவர்களும் வரட்டும். தயவுசெய்து வாசலில் "போதை மீட்பு மாலை" என்று பதாகை கட்டாதீர்கள். கட்டினால் ஒருவரும் உள்ளே நுழைய மாட்டார்கள். வியாழக்கிழமைக் குருபூசை என்று சொல்லுங்கள், வெறும் சமையல் என்று சொல்லுங்கள், எதுவோ ஒன்று. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பேச முடியும், ஆனால் எங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்குத் தமிழில்தான் வாய் திறக்கும். ஆலோசகரிடம் "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டு வரும் அம்மா, எதிர்வீட்டுத் தமிழம்மாவிடம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்ப்பார்.

தொண்டூழியம் கேட்டு வருகிறவனை அடுப்படியிலிருந்து விரட்டாதீர்கள். உண்டியல், நகை, கணக்கு, பிள்ளைகள் வகுப்பு என்று கவலை இருந்தால் எல்லாருக்கும் ஒரே விதி வையுங்கள். உண்டியல் பக்கம் யார் போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும், தலைவராக இருந்தாலும் சரி. பிள்ளைகளோடு யாரும் தனியாக இருக்கக்கூடாது, ஆசிரியராக இருந்தாலும் சரி. இது எப்படியும் இருக்க வேண்டிய விதிதான். திரும்பி வந்தவன் ஒருவனுக்காக மட்டும் வைக்கிற விதி அவன் நெற்றியில் ஒட்டுகிற சீட்டு.

உங்கள் குழுக்களில் முதலாளிகள் பலர் இருக்கிறீர்கள். மளிகைக்கடை, உணவுக்கடை, போக்குவரத்து, கட்டுமானம். டெஸ்ட்டுக்குப் போக வேண்டிய ஆளை வேலைக்கு வைத்தால், அந்த நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக விடுங்கள், சக ஊழியர்கள் முன்னால் காரணம் கேட்காதீர்கள். என் தம்பியின் முதல் வேலை அதில்தான் போனது. மேற்பார்வையாளர் ஒவ்வொரு முறையும் எல்லார் முன்னாலும் "டுடே ஆல்ஸோ டெஸ்ட் ஆ?" என்று சத்தமாகக் கேட்பார். அவனே நின்றுவிட்டான். இப்போதைய கிடங்கில் ஒரு சீனப் பெரியவர் மேலாளர். அட்டவணையைப் பார்த்து அவனுக்குக் காலை ஷிப்ட் போட்டுவிடுவார், பேச்சே கிடையாது. அது போதும்.

கடைசியாக ஒன்று, இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். அவனை மேடை ஏற்றாதீர்கள். ஏதாவது ஒரு நல்லது செய்த உடனே நம்மவர்களுக்கு ஒலிவாங்கி ஞாபகம் வந்துவிடும். "நான் எப்படி மீண்டேன்" என்று இளையர் முன்னால் பேசச் சொல்வீர்கள், பொன்னாடை போர்த்துவீர்கள், படம் நாளிதழில் வரும். ஆசைப்பட்டுப் பேசுகிறவர்கள் பேசட்டும், அவர்களால் நன்மையும் உண்டு. ஆனால் வெளியே வந்து ஓராண்டுகூட ஆகாதவனை முன்மாதிரியாக நிறுத்தினால், அவன் நாளைக்குச் சறுக்கும்போது யாரிடமும் வந்து சொல்ல முடியாது. முன்மாதிரி எப்படிச் சறுக்குவான்? ஒளிந்துகொள்வான். ஒளிந்தவனைக் கண்டுபிடிப்பது காப்பிக்கடைக் கூட்டாளிகள்தான்.

சறுக்குவார்களா என்றால், சிலர் சறுக்குவார்கள். மேலே சொன்ன கணக்கு அதைத்தான் சொல்கிறது. அன்றைக்கு "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று குழுவில் ஒருவர் சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு இப்போதே பதில் எழுதிவிடுகிறேன்: சர்க்கரை நோயாளி தீபாவளிக்கு இனிப்பு சாப்பிட்டுச் சர்க்கரை ஏறி வார்டுக்கு வருகிறார். நாங்கள் அவரைத் திருப்பி அனுப்புவதில்லை.

போதைப் புழங்கி என்று சந்தேகப்படும் ஆளைப் பற்றி மருத்துவர்கள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதனால் பல குடும்பங்கள் மருத்துவரிடமே வாய் திறப்பதில்லை. மகன் கழிப்பறையில் வெகுநேரம் இருக்கிறான், பணம் காணாமல் போகிறது, தூங்காமல் இருக்கிறான். யாரிடம் கேட்பது? மனநலக் கழகத்தில் அடிமைப் பழக்கங்களுக்கென்றே தேசிய சேவை ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரிய ரொம்ப நாளாயிற்று, அதுவும் நான் மருத்துவத் துறையில் இருந்துகொண்டே. கோயிலில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் அனுபவப்பட்ட ஓர் அம்மா அதைச் சொல்லியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ காலம் மிச்சமாகியிருக்கும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பையன் என்றால் ஜோகூர். பெண் என்றால் குடும்பம் அவளைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுகிறது.

நான் கேட்கும் இந்த மாலையை உங்கள் இஷ்டத்துக்கு ஆரம்பிக்க வேண்டாம். கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு நிபந்தனைகள் இருக்கும். யாரோடு சேரலாம், எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆசிரமத்தில் இருப்பவர்களிடமும் சானாவிடமும் முதலில் பேசுங்கள். வாராவாரம் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்கட்டும். அவர் பாட்டுக்கு ஒரு மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கட்டும். இந்த மடலைக் கோயில்களுக்கு என்று எழுதியிருந்தாலும், தமிழ் முஸ்லிம் அமைப்புகளும் தமிழ்க் கிறிஸ்துவச் சபைகளும் தங்களுக்கும் எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். சாமான் யாரிடமும் மதம் கேட்பதில்லை.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். "இதர விவகாரங்கள்" என்று கடைசியில் தள்ளி, எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் எடுக்காதீர்கள். முடியாது என்று முடிவானால் முடியாது என்றே அறிவியுங்கள், காரணத்தோடு. முடியும் என்று ஏதாவது ஒரு கோயில் சொன்னால், முதல் மூன்று மாதத்துக்கு மளிகைச் செலவை நானும் என்னோடு வேலை பார்க்கும் தாதிகள் சிலரும் ஏற்றுக்கொள்கிறோம். எங்களுக்கு வியாழக்கிழமை வசதி. வடக்குப் பக்கம் என்றால் இன்னும் வசதி, ஆனால் எங்கே என்றாலும் வருவோம்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஓர் அக்கா